எட்டாம் கருவிக்குக் காத்திருந்த நாள்

நவம்பர் 5

மதியச் சாப்பாடு முடிந்ததும் சென்னைத் துறைமுகத்தை விட்டுக் கிளம்பினோம். 'சமுத்ர ரேகா'வில் இது எனக்கு மூன்றாவது பயணம். அறையில் இருக்கும் ஏசி இந்த முறையும் குளிரைவிடச் சத்தத்தைத்தான் அதிகம் தருகிறது. அப்படியும் குளிர்கிறது. ஸ்வெட்டரை ஹைதராபாத்திலேயே விட்டுவிட்டு வந்திருக்கிறேன்.

கப்பலின் ஆய்வுக் குறிப்பை எழுதுவது என் பொறுப்பு. அது அலுவலகத்துக்கு. இது எனக்கு.

அந்தமான் கடலின் தரையில் போன டிசம்பரில் பன்னிரண்டு கருவிகளை இறக்கிவிட்டு வந்தோம். உலகத்தில் எங்கே நிலம் நடுங்கினாலும் அந்த அதிர்வு பூமிக்குள் புகுந்து இவற்றையும் வந்து தொடும். எந்த நொடியில் தொட்டது என்று இவை பதிந்து வைத்திருக்கும். குளிர்ந்த பாறை வழியாக வந்த அலை சீக்கிரம் வரும். சூடான பாறை வழியாக வந்தது பிந்தி வரும். இந்த முந்தல் பிந்தலை வைத்து அடியில் என்ன கிடக்கிறது என்று படம் வரைவதுதான் என் தொழில்.

அடியில் கிடப்பது ஒரு பழைய தட்டு. கோடிக்கணக்கான வருடங்களாக மேற்கிலிருந்து சரிந்து உள்ளே போய்க்கொண்டிருக்கும் கடல் தரை. அது இப்போது எந்த ஆழத்தில், எந்த வடிவத்தில் கிடக்கிறது என்று தெரிந்தால், எப்போது எந்த வழியாக உள்ளே போனது என்று பின்னோக்கிச் சொல்லிவிடலாம். எட்டு வருடத்துக்கு முன் நான் வரைந்த படத்தில் அந்தத் தட்டில் ஓர் ஓட்டை இருந்தது. தட்டு அங்கே கிழிந்துவிட்டது என்று எழுதினேன். அந்தக் கிழிசலால்தான் என் பெயர் நாலு பேருக்குத் தெரியும்.

போன வருடம் ஒரு வெளிநாட்டுக் குழு கிழிசலே கிடையாது என்று எழுதியது. அந்த இடத்துக்கு மேலே கருவியே இல்லை, அதனால்தான் ஓட்டைபோலத் தெரிகிறதாம்.

இப்போது இருக்கிறது. எட்டாம் எண் கருவி.

நவம்பர் 9

முதல் கருவி மேலே வந்துவிட்டது. பரிதிதான் எங்கள் பொறியாளர். தண்ணீருக்குள் ஒலிபெருக்கியை இறக்கி ஒரு குறிப்பிட்ட ஒலியை அனுப்புவான். கீழே கருவிக்கு அது கேட்டால், தன்னை இரும்புப் பாரத்தோடு பிணைத்திருக்கும் கம்பியைத் தானே அரித்து அவிழ்த்துக்கொள்ளும். பிறகு மூன்று கிலோமீட்டர் ஆழத்திலிருந்து மெல்ல மிதந்து மேலே வரும். ஏறக்குறைய ஒரு மணி நேரம் யாரும் சரியாகப் பேச மாட்டோம். திடீரென்று யாராவது "அதோ" என்பார்கள். அலைக்கு நடுவே ஆரஞ்சு நிறத்தில் ஓர் உருண்டை, அதன் தலையில் சின்னக் கொடி.

கப்பலில் ஏற்றியபோது அதன் காலில் ஒரு நண்டு ஒட்டிக்கொண்டிருந்தது. பரிதி அதைப் படம் எடுத்துத் தன் மனைவிக்கு அனுப்ப வேண்டும் என்றான். எப்படி அனுப்புவான்? கப்பலில் ஒரே ஒரு செயற்கைக்கோள் போன்தான். ஆளுக்கு ஐந்து நிமிடம்.

நவம்பர் 12

ஐந்து கருவிகள் வந்துவிட்டன.

கேப்டன் ஹபீப் மரைக்காயர் கீழக்கரைக்காரர். சாப்பாட்டு அறையில் எதிரே உட்கார்ந்து, "நானும் ஒவ்வொரு வருசமும் உங்க ஆளுங்களைக் கூட்டிட்டு வர்றேன் மேடம். கீழ போன தட்டு எப்பவாச்சும் மேல வருமா?" என்று கேட்டார்.

"வராது சார். உருகாம, கரையாம, ரொம்ப காலத்துக்கு அப்படியே கீழ போயிட்டே இருக்கும்."

"வராததத் தேடியா இவ்வளவு தூரம்?"

வரதன் சார் சிரித்தார். வேங்கடவரதன்தான் இந்தப் பயணத்தின் தலைமை விஞ்ஞானி. கும்பகோணத்துக்காரர், என்னைவிட ஆறு வயது பெரியவர். பதினைந்து வருடமாக ஒரே அறையில் எதிரெதிர் மேசை. கிழிசல் கட்டுரையில் என் பெயருக்கு அடுத்தது அவர் பெயர். "வந்தவழி தெரிஞ்சா போதும் கேப்டன்" என்றார்.

நவம்பர் 13

தூத்துக்குடிக்குப் பேசினேன். அமலி அக்காவே எடுத்தாள்.

"ஏட்டி, கப்பல்ல மீனு போடுதானா, இல்ல கோழியையே போட்டு ஏமாத்துதானா?"

பிறகுதான் விஷயத்தைச் சொன்னாள். டிசம்பரில் என்று சொல்லியிருந்த இதய வால்வு ஆபரேஷனை டாக்டர் பதினேழாம் தேதிக்கு மாற்றிவிட்டார். எக்கோ எடுத்துப் பார்த்ததில் தள்ளிப் போட வேண்டாம் என்றாராம்.

"நான் போர்ட் பிளேர்ல இறங்கி வந்துருதேன்க்கா."

"நீ வந்து என்ன செய்யப் போற? கத்தியப் பிடிக்கப் போறியா? ததேயு இருக்கான், அவன் பொண்டாட்டி இருக்கா. நீ உன் வேலையப் பாரு. நீ பூமிக்கு ஸ்கேன் எடு, நான் நெஞ்சுக்கு எடுக்கேன். ரெண்டுலயும் ஓட்டைதாம் தெரியுதாம்."

சிரித்தாள். மூச்சு வாங்கியது. ஐந்து நிமிடம் முடிந்துவிட்டது.

அம்மா போன பிறகு எனக்கும் தம்பி ததேயுவுக்கும் அவள்தான் எல்லாம் என்று எழுத வந்தேன். அவள் படித்தால் கேலி செய்வாள். தபால் ஆபீஸ் கவுண்டரில் முப்பது வருடம் உட்கார்ந்தவள், நீட்டி முழக்கினால் பிடிக்காது. கல்யாணம் செய்துகொள்ளவில்லை, நானும்தான். லீவுக்குப் போனால் இருவரும் ஒரே கட்டிலில் படுத்துக்கொண்டு தெருவில் இருக்கிற எல்லாரையும் பற்றிப் பேசுவோம்.

நவம்பர் 15

ஒன்பது வந்துவிட்டது. எட்டு, பதினொன்று, பன்னிரண்டு பாக்கி. எட்டைக் கடைசிக்கு வைத்திருக்கிறோம், பாதை அப்படி.

நவம்பர் 17

மாலை பேசினேன். ததேயு எடுத்தான்.

"ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சிருச்சு சின்னக்கா. மயக்கத்துல இருக்கா. நாளைக்குப் பேசுவாளாம்."

பன்னிரண்டாம் கருவி வந்தது. பதினொன்றின் உருண்டையில் தண்ணீர் புகுந்திருக்கிறது, உள்ளே இருந்த பதிவு போய்விட்டது. பரிதி ரொம்பச் சோர்ந்துவிட்டான். எனக்கு அவ்வளவு வருத்தம் இல்லை. எட்டு நன்றாக இருந்தால் போதும்.

நவம்பர் 18

மதியம் பேசினேன். அக்கா ஐசியுவில் இருக்கிறாளாம், உள்ளே போன் கொண்டுபோக விடவில்லையாம். ததேயுவின் குரல் கரகரவென்று இருந்தது. ஆஸ்பத்திரியில் தூக்கம் இருந்திருக்காது. "நீ சாப்டியாக்கா?" என்று கேட்டான். அவன் அப்படியெல்லாம் கேட்கிற ஆள் இல்லை.

அவனுக்குப் பின்னால் நிறையப் பேர் இருந்தார்கள். யாரோ ஒருவர், "பெட்டி எப்ப வருதுன்னு கேளுங்கடே" என்றார். மருந்துப் பெட்டியாக இருக்கும்.

மாலை எட்டாம் கருவி இருக்கும் இடத்துக்கு வந்து சேர்ந்தோம். காற்று லேசாக ஏறுகிறது. தெற்கே ஒரு காற்றழுத்தத் தாழ்வு உருவாகியிருக்கிறதாம்.

நவம்பர் 19

எட்டு வரவில்லை.

கேட்கிறது. அதுதான் வயிற்றெரிச்சல். நாங்கள் கூப்பிட்டால் பதில் ஒலி தருகிறது. எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்றுகூடச் சொல்கிறது. ஆனால் அவிழ்ந்து மேலே வா என்றால் அசையவில்லை. தூரம் குறையவே இல்லை. பரிதி காலையிலிருந்து அதே கட்டளையை அனுப்பிக்கொண்டிருந்தான். கம்பி அரிக்கவில்லையா, அல்லது அரித்தும் சேற்றில் சிக்கிக்கொண்டிருக்கிறதா, தெரியவில்லை.

இன்னொரு வழி இருக்கிறது. ஒவ்வொரு கருவிக்குள்ளும் ஒரு கடிகாரம் வைத்திருக்கிறோம். நாங்கள் கூப்பிட்டாலும் கூப்பிடாவிட்டாலும் குறித்த நாளில் அது தனியாக இரண்டாவது கம்பியை அவிழ்க்கும். எட்டுக்கு வைத்த நாள் நவம்பர் 21, மதியம். அப்போது இங்கே கப்பல் இருந்தால் பிடிக்கலாம். இல்லாவிட்டால் அது மேலே வந்து, புயலில் எங்கேயோ போய்விடும்.

மதியச் சாப்பாட்டுக்குப் பின் வரதன் சார், இன்றைக்கே போர்ட் பிளேருக்குத் திரும்பலாமா என்று கேட்டார். எனக்குப் புரியவில்லை. இரண்டு நாள் முன்புவரை எட்டை எடுக்காமல் போகக்கூடாது என்று என்னைவிட அதிகமாகச் சொன்னவர் அவர்தான்.

வீட்டுக்குப் பேசப் போனேன். போன் கோளாறு என்றார்கள். திரும்பி வரும்போது கேப்டன் கட்டுப்பாட்டு அறைக்கு வெளியே அதே போனைக் காதில் வைத்துக்கொண்டு நின்றார். என்னைப் பார்த்ததும் முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டார். சரியாகிவிட்டது போல. அவருக்கு அவசரமாக இருக்கும். நான் அப்புறம் பேசிக்கொள்ளலாம்.

சாயங்காலம் சமையல்காரர் அறைக்கே டீ கொண்டுவந்து கொடுத்தார். இஞ்சி போட்டிருந்தார். இந்தக் கப்பலில் யாருக்கும் அறைக்கு டீ வராது.

நவம்பர் 20

காலையில் மேல்தளத்துக்குக் கூப்பிட்டார்கள். கேப்டனும் வரதன் சாரும் இருந்தார்கள். பரிதியும் ஓரமாக நின்றான். என் முகத்தைப் பார்க்கவில்லை.

"கிளம்பிடலாம் மேடம்" என்றார் கேப்டன்.

"காத்து எப்ப வரும் சார்?"

"இந்த இடத்துக்கு நாளைக்குச் சாயங்காலத்துக்கு மேலதான் ஏறும்."

"அப்ப நாளைக்கு மதியம் வரைக்கும் நிக்கலாமே. கப்பலுக்கு ஆபத்தா?"

"ஆபத்து இல்ல. சிரமம்தான். நான் கப்பலுக்காகப் பேசல மேடம்." வரதன் சாரைப் பார்த்தார். "ஒரு பகல்ங்கிறது ரொம்பப் பெரிசு."

வரதன் சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "செலின், உள்ள வாயேன். அஞ்சு நிமிஷம் உக்காந்து பேசுவோம்."

"இங்கயே பேசலாம் சார். கருவியப் பத்தின்னா பேசுங்க. வேற எதுன்னாலும் நாளைக்கு."

"நாளைக்குன்னா லேட்டாயிடும்மா."

"எனக்குத் தெரியும்."

வானிலையை மனதில் வைத்துத்தான் அப்படிச் சொன்னேன்.

பிறகு நான் நிறையப் பேசினேன். இன்னொரு முறை கப்பல் கிடைக்க நாலு வருடம் ஆகும் என்றேன். எட்டு இல்லாமல் மற்ற பத்தும் வீண் என்றேன். கிழிசல் இருக்கிறதா இல்லையா என்று தெரியாமலே ரிட்டயர் ஆகப் போகிறோமா என்றேன். குரல் உயர்ந்துவிட்டது. வரதன் சார் கடலையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கும் அது வேண்டும். அது எனக்குத் தெரியும், அதைப் பிடித்துத்தான் பேசினேன்.

"நாளைக்கு மதியம். அதுக்கு மேல ஒரு நிமிஷம் கிடையாது" என்றார் கடைசியில். கேப்டன் தொப்பியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

பகல் முழுக்கத் தேடுதலுக்கு வேண்டியதைச் செய்தேன். நீரோட்டம் எந்தப் பக்கம் இழுக்கும், மேலே வர எவ்வளவு நேரம், எங்கே தலை காட்டும் என்று கணக்குப் போட்டு வட்டங்கள் வரைந்தேன். துணி துவைத்தேன். நகம் வெட்டினேன். போன் பக்கம் போகவில்லை.

நவம்பர் 21

காலையிலிருந்தே கப்பல் ஆடியது. அலையின் உச்சிகள் வெள்ளையாக உடைந்துகொண்டிருந்தன. மதியம் எல்லாரும் பாதுகாப்பு உடை போட்டுக்கொண்டு தளத்தில் நின்றோம். பரிதி காதில் ஹெட்போனோடு உட்கார்ந்திருந்தான்.

குறித்த நேரம் வந்தது. தூரம் மாறவில்லை. கொஞ்ச நேரம் பார்த்தோம், மாறவில்லை. பேட்டரி செத்திருக்கும் என்று யாரோ சொன்னார்கள். நான் தளத்தின் கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கேப்டன் மேலேயிருந்து எட்டிப் பார்த்தார். எஞ்சின் சத்தம் மாறியது. திருப்பப் போகிறார் என்று தெரிந்தது.

"குறையுது!" என்று பரிதி கத்தினான். "மேடம், குறையுது! கிளம்பிருச்சு!"

அப்புறம் ஒரு மணி நேரம். இவ்வளவு அலையில் ஓர் உருண்டையைக் கண்டுபிடிப்பது லேசில்லை. ஒவ்வொரு பள்ளத்திலும் ஏதோ ஆரஞ்சாகத் தெரிகிறது, அடுத்த அலையில் இல்லை. மேலே வந்துவிட்டது என்று கருவியில் இருக்கும் ரேடியோ சொன்னது, கண்ணுக்குத் தெரியவில்லை. கடைசியில் கேப்டன்தான் பார்த்தார், நான் வரைந்த வட்டங்களுக்கெல்லாம் வெளியே. கப்பலைக் காற்றுக்குக் குறுக்கே நிறுத்திக் கருவியைப் பக்கவாட்டில் கொண்டுவந்தார். முதல் முறை கொக்கி தவறியது. இரண்டாம் முறையும். மூன்றாம் முறை நான் கழியை வாங்கிக் குனிந்தேன். தண்ணீர் முகத்தில் அறைந்தது, கால் தரையை விட்டது. யாரோ என் உடையின் பட்டையைப் பிடித்து இழுத்தார்கள், பரிதியாகத்தான் இருக்கும். கொக்கி மாட்டிக்கொண்டது.

தளத்தில் ஏற்றி, பெல்ட் போட்டுக் கட்டினோம். உருண்டைக்குள் ஈரம் இல்லை. விளக்கு எரிந்தது. பதிவு இருக்கிறது, கடைசி நாள்வரை.

யாரும் கைதட்டவில்லை.

வரதன் சார் சற்றுத் தள்ளி நின்றிருந்தார். அவரிடம் போனேன். கையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"இப்பச் சொல்லுங்க சார்."

சொன்னார்.

அமலி அக்கா பதினெட்டாம் தேதி காலையிலேயே இறந்துவிட்டாள். நான் ததேயுவோடு பேசியபோது அவளை வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார்கள்.

நவம்பர் 22

புயலைச் சுற்றிக்கொண்டு போகிறோம். இரண்டு முறை வாந்தி எடுத்தேன். சமையல்காரர் கஞ்சி கொண்டுவந்தார். அவரிடம், "உங்களுக்கு எப்பத் தெரியும்?" என்று கேட்டேன். "எல்லாருக்கும் ஒண்ணாத்தான் தெரியும்மா" என்றார்.

நவம்பர் 23

போர்ட் பிளேர். காற்றால் இன்று விமானம் எதுவும் கிளம்பவில்லை. விமான நிலையத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தபோது ததேயுவிடமிருந்து செய்தி வந்தது. காலையில் அடக்கம் முடிந்துவிட்டது.

நேற்று இங்கிருந்து எல்லா விமானமும் கிளம்பியதாம். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் தானாகவே சொன்னார்.

நவம்பர் 25

தூத்துக்குடி. மழை. வீட்டு வாசலில் பந்தல் இன்னும் பிரிக்கவில்லை.

ததேயு என்னைக் கட்டிக்கொண்டு அழுதான். முதல் தடவையாக அவனை வயதானவனாகப் பார்த்தேன். பிறகு பின்கட்டில் உட்கார்ந்து சொன்னான்.

"அவ போனதும் உங்க ஆபீசுக்குச் சொன்னேன். பத்தொம்பதாம் தேதி அங்கருந்து பேசுனாவ. கப்பல் இன்னைக்கே திரும்புது, இருபத்தொண்ணுல வந்துருவாங்கன்னு சொன்னாவ. கப்பல்ல வச்சுச் சொல்ல வேணாம், அங்க யாரும் இல்லாம தனியாக் கிடந்து தவிப்பான்னு நாந்தாம் கேட்டுக்கிட்டேன். பங்குச் சாமியார்கிட்டப் போய் நின்னு, எங்க சின்னக்கா வரணும், வச்சிருக்கோம்னு சொன்னேன். சரின்னுட்டாரு. அப்புறம் கப்பலு வரலன்னு போன். மழையில கரண்டு வேற போச்சு. ஜெனரேட்டர் வச்சு ஒரு நாளு ஓட்டுனோம். அதுவும் நின்னுபோச்சு. அதுக்கு மேல முடியலக்கா."

"சரிடே."

"ஏன்க்கா ரெண்டு நாளு பிந்துச்சு?"

"காத்து" என்றேன்.

"வரதன் சாரும் அதான் சொன்னாரு" என்றான்.

நவம்பர் 28

கல்லறைக்குப் போனேன். மண் இன்னும் ஈரம். ஒன்றும் தோன்றவில்லை.

அவள் புடவைகளை யாருக்குக் கொடுப்பது என்று தம்பி மனைவி கேட்டாள். நீயே முடிவு செய் என்றேன். நாளை ஹைதராபாத்.

டிசம்பர் 4

எட்டாம் கருவியின் பதிவைப் பிரித்தாயிற்று. இவ்வளவு சுத்தமான பதிவை நான் பார்த்ததில்லை. கப்பல் சத்தம் இல்லை, அலைச் சத்தம் இல்லை. உலகத்தின் எந்த மூலையில் நிலம் அசைந்தாலும் பளிச்சென்று விழுந்திருக்கிறது.

காலை எட்டுக்கு ஆபீஸ் போனால் இருட்டிய பிறகுதான் வருகிறேன். வரதன் சார் ஓய்வெடு என்கிறார். வேலை பார்க்கிறேன் என்கிறேன். எங்கள் மேசைகள் எதிரெதிராகத்தான் இருக்கின்றன. அவர் என்னைப் பார்த்தால் நான் திரையைப் பார்க்கிறேன்.

டிசம்பர் 9

பெரிய நடுக்கங்களின் முதல் அலைகளை மட்டும் எடுத்துக் கணக்குப் போட்டேன். ஓட்டை இருந்தால் அந்த வழியாக வந்தவை பிந்தி வந்திருக்க வேண்டும்.

பிந்தவில்லை. கணக்கில் எங்கோ பிழை இருக்கிறது.

டிசம்பர் 10

கருவியின் கடிகாரத்தைச் சரிபார்த்தேன். சரியாக இருக்கிறது.

டிசம்பர் 14

எல்லா அலைகளையும் சேர்த்துப் படம் வரைந்தாயிற்று. மூன்று விதமாக வரைந்து பார்த்தேன். மூன்றிலும் தட்டு முழுசாக இருக்கிறது. வடக்கிலிருந்து தெற்குவரை ஒரே நீலம், குளிர்ந்த பாறையின் நிறம். நடுவில் கொஞ்சம் வளைந்திருக்கிறது, அவ்வளவுதான். கிழிசல் இல்லை. எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. நாங்கள் கருவி வைக்காத இடத்தை ஓட்டை என்று எழுதிவிட்டோம்.

வரதன் சாரைக் கூப்பிட்டுக் காட்டினேன். நின்றபடியே வெகுநேரம் பார்த்தார். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"அவங்க சொன்னதுதான் சரி" என்றேன்.

"ம்."

"எட்டு வருஷம் சார்."

"நாமதான எழுதினோம். தப்புன்னும் நாமே எழுதுவோம். வேற யாராவது எழுதறதுக்கு முன்னாடி." கொஞ்சம் பொறுத்து, "இது நல்ல படம் செலின். நீ வரைஞ்சதுலயே நல்ல படம் இதுதான்" என்றார்.

எனக்கும் அது தெரிந்தது. அதுதான் தாங்க முடியவில்லை. கழிவறையில் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றேன்.

டிசம்பர் 18

தூத்துக்குடியில் முப்பதாம் நாள் பூசை. வரதன் சாரும் வந்திருந்தார். நான் அழைக்கவில்லை, ததேயுதான் அழைத்திருக்கிறான். கோயிலில் எல்லாரும் முழங்காலிட்டபோது அவர் கடைசி வரிசையில் கைகட்டி நின்றார்.

சாப்பாட்டுக்குப் பிறகு முன்னறையில் நாங்கள் மூன்று பேர்தான் இருந்தோம். ததேயு அவருக்கு வெற்றிலைத் தட்டை நீட்டினான். சாதாரணமாகத்தான் கேட்டான்.

"புயலு ரொம்ப மோசமோ சார்? எங்க மாமா ஒருத்தரு அந்தமான் லைன்ல ஓடுனவரு. இருபதாம் தேதி அங்க கடலு அமைதியாத்தான கெடந்துச்சுங்காரு."

வரதன் சார் தட்டை வாங்காமல் இருந்தார். பிறகு, "புயலால நிக்கல தம்பி. ஒரு கருவி எடுக்க வேண்டியிருந்தது. நான்தான் நிறுத்தினேன். தலைமை நான். என் முடிவு" என்றார்.

ததேயு தட்டைக் கீழே வைத்தான். "தெரிஞ்சா நிறுத்துனீய? இங்க அவள ஐசுல வச்சுக்கிட்டு நாங்க வழி பாத்துக்கிட்டுக் கெடக்கோம்னு தெரிஞ்சா?"

"தெரியும்."

அவன் எழுந்தான். பெரியவர் என்றும் பார்க்காமல் அவர் சட்டையைப் பிடித்துவிட்டான். வரதன் சார் தடுக்கவே இல்லை.

"அவர விடு. நாந்தாம்."

திரும்பிப் பார்த்தான்.

"அவரு ரெண்டு தடவ சொல்ல வந்தாரு. நாந்தாம் சொல்ல விடல. கேப்டன் கிளம்பலாம்னாரு. நாந்தாம் நிக்கச் சொல்லிச் சண்ட போட்டேன்."

"உனக்குத்தான் தெரியாதே சின்னக்கா."

"தெரியும்."

இந்த நோட்டில்கூட நான் 'தெரியும்' என்ற சொல்லுக்கு வேறு அர்த்தம் சொல்லி எழுதியிருக்கிறேன். பதினெட்டாம் தேதி போனை வைத்தபோதே எனக்குத் தெரியும். "பெட்டி" என்ற சொல் காதில் விழுந்த அந்தக் கணமே. அவனிடம் சொன்னேன், "அவ இல்லன்னு தெரியும். எனக்காக வச்சிருக்கியன்னு தெரியாது. கேட்டிருந்தா சொல்லியிருப்பாவ. நான் கேக்கல."

அவன் அவர் சட்டையை விட்டான்.

"அந்தக் கருவிக்கா?"

"ஆமா."

"அதுல என்ன கெடச்சிச்சு?"

"நான் எட்டு வருஷமா சொன்னது தப்புன்னு."

என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். அடிப்பான் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். செருப்பைப் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டான்.

வரதன் சார் மாலை ரயிலுக்குக் கிளம்பினார். ஆட்டோவில் ஏறும்போது, "நீ சொல்லியிருக்க வேண்டாம்" என்றார். அவருடைய சட்டையில் ஒரு பொத்தான் போயிருந்தது.

டிசம்பர் 19

இன்று கிளம்புவதாக இருந்தேன். பை கட்டிவிட்டேன்.

காலைச் சாப்பாட்டின்போது ததேயு வந்து எதிரே உட்கார்ந்தான். நேற்றிலிருந்து அவன் என்னிடம் ஒரு வார்த்தையும் பேசவில்லை. அவன் மனைவி தோசையை வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். அவன் தோசையைப் பிய்த்தான், வாயில் வைக்கவில்லை.

"ஒண்ணு கேக்கட்டா சின்னக்கா?"

"கேளு."

"வந்ததுலருந்து பாக்கேன். ஏன் பிந்துச்சு, எப்படிப் பிந்துச்சுன்னு நாந்தாம் கேக்கேன். நீ அவளப் பத்தி ஒரு வார்த்த கேக்கல. எப்படி இருந்தா, எப்படிப் போனா, ஒண்ணுமே கேக்கல. கல்லறையில வச்சும் கேக்கல. அவ எனக்கு மட்டுமா அக்கா?"

தம்ளரை எடுத்து மறுபடி கீழே வைத்தேன்.

"கோவம் போயிருச்சுன்னு நெனைக்காத. போகல. போகுமான்னும் தெரியல. ஆனா நாம் மட்டும் அத வச்சுக்கிட்டு இருக்க முடியல. ஆஸ்பத்திரியில கடைசி வர நான் ஒருத்தந்தாம் இருந்தேன். யார்ட்டயும் சொல்லல. இவகிட்டகூட." சமையலறைப் பக்கம் தலையை அசைத்தான். "கேட்டா உங்கிட்டத்தாம் சொல்லணும்."

தட்டைத் தள்ளிவைத்தேன். வாசலில் ஆட்டோக்காரர் ஹாரன் அடித்தார். எழுந்து போய், வேண்டாம், இன்றைக்குப் போகவில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டு வந்தேன். அவன் அப்படியே உட்கார்ந்திருந்தான்.

"சொல்லுடே" என்றேன். "மொதல்லருந்து சொல்லு. எல்லாத்தையும்."

கையைத் துடைத்துக்கொண்டான்.

"ஆபரேஷனுக்குக் கூட்டிட்டுப் போக தள்ளுவண்டி கொண்டாந்தாவ" என்று ஆரம்பித்தான். "அதுல படுக்க மாட்டேன்னுட்டா. எனக்குக் காலு இருக்கு, நான் நடந்தே வாரேன்னு நர்சுகிட்ட ஒரே சண்ட…"